தும்பைப்பாளையத்துப் பிரமாண்டம்

தும்பைப்பாளையத்தில், செம்மலையின் கோழிப்பண்ணையில், மூன்றாவது ஷெட்டின் ஏழாவது வரிசையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு வெள்ளைக் கோழி முட்டை போட்டது. எட்டு மணிக்கு எல்லா முட்டையையும் போல இருந்த அந்த முட்டை ஒன்பது மணிக்கு மாதுளை அளவாகி, பத்து மணிக்குத் தேங்காய் அளவாகி, பதினொன்றரைக்குப் பூசணியாகி, கூண்டின் கம்பியை வளைத்துக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தது. முட்டை பொறுக்க வந்த அஞ்சலை கையிலிருந்த அட்டையை நழுவவிட்டாள். முப்பது முட்டையும் அவள் காலடியில் உடைந்து வழிந்ததை அவள் பார்க்கவே இல்லை. கோழி மட்டும் வழக்கம்போலத் தீவனத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ரத்தினவேலு ஊரின் மறுகோடியில், வாடகை ஆட்டோவின் பின்சீட்டில், தலைக்கு மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, புதிதாகத் திறக்கிற ஒரு சோபாக் கடைக்காகத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருஷமாக இதே தொழில். காதுகுத்து விருந்து, கபடிப் போட்டி, புடவைத் தள்ளுபடி, கும்பாபிஷேகம், கண் சிகிச்சை முகாம், காணாமல் போன எருமை, எதுவானாலும் ஊர் அவர் வாயால்தான் கேட்டது. எதுவானாலும் அவர் அதற்கு முன்னால் ஒரு சொல்லை வைத்தார். பிரமாண்டமான திறப்பு விழா. பிரமாண்டமான அன்னதானம். பிரமாண்டமான இலவசக் கண் முகாம். 'பிர' என்பதில் கொஞ்சம் பதுங்கி, 'மா'வில் எழுந்து, 'ண்'ணில் ஒரு சுழற்றுச் சுழற்றி, 'டம்' என்று தரையில் இறக்குவார். கேட்கிறவர்கள் சமையலை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். எருமைகூட அந்த ஊரில் பிரமாண்டமான எருமையாகத்தான் தொலைந்தது.

அவருடைய மனைவி பாவாயி, இதே செம்மலையின் பண்ணையில், இதே மூன்றாவது ஷெட்டில் பதினெட்டு வருஷம் முட்டை பொறுக்கினவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை அவளுக்கு நெஞ்சு அடைத்தது. ஷெட்டின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து புருஷனுக்குப் பதினோரு தரம் போன் செய்தாள். அவர் அப்போது கடைவீதியில் ஒரு துணிக்கடையின் பிரமாண்டமான திறப்பு விழாவைச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் அடித்த மணி குழாய்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஒரே மகள் தமயந்தி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையிலிருந்து ஓடி வந்து, அம்மாவை எடுத்த அன்று அப்பாவிடம் சொன்னது ஒரே ஒரு பேச்சு. "அந்த ஒரு வார்த்தையச் சொல்லாம இருந்திருந்தா, போன் அடிச்சது கேட்டிருக்குமுங்களே அப்பா." அதற்குப் பிறகு அவள் அவருடன் பேசவில்லை. அவரும் பண்ணைப் பக்கம் போகவில்லை. ஆனால் வேறு தொழில் தெரியாததால் மைக்கை விடவில்லை. மைக்கை விடாததால் அந்தச் சொல்லும் அவரை விடவில்லை.

மத்தியானம் செம்மலை ஆள் அனுப்பி ரத்தினவேலுவைக் கூட்டி வரச் செய்தார். முட்டை அதற்குள் கல்யாண வீட்டு அண்டாவாகியிருந்தது. செம்மலை ஐந்து ஷெட்டும் அறுபதாயிரம் கோழியும் வைத்திருக்கிற, யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசாத மனுஷன். அன்றைக்கு அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"ரத்தினவேலு... முப்பது வருசமாக் கோழியோட கெடக்கறேன். என்னன்னு சொல்றதுப்பா இத? ஊருக்குள்ள ஒரு சுத்துச் சொல்லிட்டு வா. நான் ஒருத்தன் மட்டும் பாத்தாப் பைத்தியம்னுருவாங்க. எல்லாரும் பாக்கட்டும்."

ரத்தினவேலு அந்தச் சுவரைப் பார்க்காமல், முட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஆட்டோவில் ஏறி மைக்கைப் பிடித்ததும் வாய்க்கு வந்தது எப்போதும் வருவதுதான். பிரமாண்டமான முட்டை, செம்மலை கோழிப்பண்ணையில் பிரமாண்டமான முட்டை என்று அவர் வடக்குத் தெரு, தெற்குத் தெரு, சந்தைப்பேட்டை, தண்ணீர்த்தொட்டி வீதி என்று எல்லாம் சொல்லிக்கொண்டே போக, அங்கே பண்ணையில் முட்டை ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு முழமாக வளர்ந்து, ஐந்து மணிக்கு ஷெட்டின் கூரைத் தகடுகளைத் தலையால் தூக்கிப் பக்கவாட்டில் சரித்துவிட்டு, வெயிலில் வெள்ளையாக நின்றது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் செய்தது வாயில் கையை வைத்ததுதான். ஆயிரம் பேர் நின்ற இடத்தில் ஒரு சத்தம் இல்லை. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஒருவர் மட்டும், தன்னையறியாமல், "பிரமாண்டம்" என்றார். அவர் கண் முன்னாலேயே ஓட்டில் ஒரு நெளிவு ஓடி, முட்டை ஒரு சாண் உயர்ந்தது. பக்கத்தில் நின்றவர்களும் அதைப் பார்த்து அதையே சொன்னார்கள். வேறு என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் முட்டை பண்ணை வேலியைத் தாண்டி நாமக்கல் ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டது.

ஊர் என்றால் எதையும் நாலு நாளில் பழகிக்கொள்ளும். ஐந்தாம் நாள் முட்டையின் கிழக்குப் பக்கம் பெண்கள் வடகம் காயப்போட்டார்கள், ஓடு எப்போதும் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சூடாக இருந்ததால் வடகம் ஒரே நாளில் காய்ந்தது. மேற்குப் பக்கத்து நிழலில் ஷேர் ஆட்டோக்கள் நின்றன. பஸ் கண்டக்டர்கள் 'முட்டை ஸ்டாப்' என்று கூவினார்கள், பெண் பார்த்துவிட்டுப் போகிற குடும்பங்கள் இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டன. மனை விற்கிறவர்கள் 'முட்டையிலிருந்து நடக்கும் தூரம்' என்று போர்டு வைத்தார்கள். சுத்த சைவக்காரர்கள் இதைத் தொட்டால் குளிக்க வேண்டுமா என்று இரண்டு நாள் விவாதித்து, தொடாமல் கும்பிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் இத்தனைக்கும் நடுவில், வடகத்தைத் திருப்பிப் போடுகிறபோதோ ஆட்டோவிலிருந்து இறங்குகிறபோதோ ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டால், அவர்களுக்கு முதல் நாள் அடைத்த மூச்சு மறுபடியும் அடைத்தது. அந்த அதிர்ச்சி மட்டும் பழகவே இல்லை.

முட்டை எதைக் கேட்டு வளர்கிறது என்று ரத்தினவேலுவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அன்றைக்கே அவர் மைக்கை அணைத்துவிட்டுக் கிளை நூலகத்துக்குப் போனார். நூலகர் ஜமீலா பானு பழைய பத்திரிகைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, இருபத்தாறு வருசமா ஒரு வார்த்தையச் சொல்லிக்கிட்டு இருக்கறேன். அதுக்கு என்ன அர்த்தம்னு ஒருநாளும் கேட்டதில்லீங்க."

எந்த வார்த்தை என்று ஜமீலா கேட்கவில்லை. தடிமனான அகராதியை இறக்கி, தூசியைத் துடைத்து, பக்கத்தைப் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். அவர் விரல் வரியிலேயே நின்றுவிட்டது.

"என்னங்க போட்டிருக்குது?"

"பிரமன், அண்டம். ரெண்டு சொல்லுங்க அண்ணா. அண்டம்னா..." ஜமீலா நிமிர்ந்து பார்த்தார். "அண்டம்னா முட்டைங்க."

ஜமீலா கீழ் வரியையும் படித்துவிட்டுச் சொன்னார்.

"சூரியன், சந்திரன், நட்சத்திரம், கடலு, நாம எல்லாமே ஒரு முட்டைக்குள்ள இருக்கறோம்னு பழைய ஆளுங்க நெனச்சாங்க. அந்த முட்டையோட பேருதாங்க இது. பெருசா இருக்கற எல்லாத்துக்கும் பொதுவா வச்ச சொல்லு இல்லைங்க. யாரோ ஒருத்தரு ஒருநாள் ஒரு மலையவோ கோபுரத்தவோ பாத்து வாயடைச்சுப் போயி, சொல்லு கெடைக்காம, 'பிரமாண்டம் மாதிரி இருக்குதே'ன்னு சொல்லிருப்பாங்கன்னு தோணுது எனக்கு. அப்புறம் அந்த 'மாதிரி' எப்பவோ உதுந்து போயிருக்கும்."

"மிச்சம் இருந்ததத்தான் நான் சோபாவுக்குச் சொல்லிட்டு இருந்தனா?"

ரத்தினவேலு எழுந்து நின்று, மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்படின்னா அதுக்குள்ள என்னங்க இருக்குது?"

"அது அகராதியில போடலீங்க அண்ணா."

உள்ளே என்ன இருக்கிறது என்பதை அஞ்சலைதான் கண்டுபிடித்தாள். ஈரத் துணியை ஓட்டில் ஒட்டிக் காயப்போடும்போது அவள் கன்னம் அதில் பட்டது. பட்ட காதில் ஒரு ஊர் கேட்டது. பஸ் ஹாரன், கோயில் மணி, மாவரைக்கிற மிஷின், அடுத்து அவர்கள் வீட்டுச் சந்தின் குழாயடிச் சண்டை, அதற்கும் அடுத்து, ரோட்டை அகலப்படுத்த வெட்டிப்போட்ட அவர்கள் வீட்டு வேப்பமரம் காற்றில் அசைகிற சத்தம். அஞ்சலை துணியை விட்டுவிட்டு ஓடினாள். சாயங்காலத்துக்குள் முட்டையைச் சுற்றிலும் ஊர் காதை வைத்துக்கொண்டு நின்றது, பல்லி போல. உள்ளே இருந்தது இதே தும்பைப்பாளையம்தான். இங்கே இருக்கிறதெல்லாம் அங்கேயும் இருந்தது. இங்கே இல்லாமல் போனது மட்டும் அங்கே போகாமல் இருந்தது. தையற்காரர் அர்த்தநாரி, விற்றுவிட்ட தன் முதல் மிஷின் ஓடுவதைக் கேட்டார். செம்மலை, பதினோரு வயதில் காய்ச்சலில் போன தன் தங்கை வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டார். ஏழாம் வாய்ப்பாட்டில் அவள் எப்போதும் தடுக்குகிற இடத்தில் தடுக்கியதும், அந்தப் பெரிய மனுஷன் ரோட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை எதையும் இழக்காதவர்களுக்கு ஒரு 'உஸ்' சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துப் பயந்து விலகிப் போனார்கள்.

ரத்தினவேலு மூன்று நாள் காதை வைக்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம், வெயிலுக்குக் கூட்டம் கலைந்திருந்தபோது, போய் வைத்தார்.

கோழிகள் கேட்டன. ஆயிரம் கோழிகளின் இரைச்சலுக்கு நடுவில் முட்டையை அட்டையில் வைக்கிற சின்னச் சின்ன 'டக்' சத்தம். அது நின்றது. செருப்புச் சத்தம் நடந்து வந்தது.

"ஏனுங்க, வெயில்ல நிக்காதீங்க. சாப்பிட வர்றீங்களா இல்லையா?"

பாவாயியின் குரல். அது அவருக்கு அதிர்ச்சியாக இல்லை. அதைத்தான் எதிர்பார்த்து, அதற்குத்தான் பயந்து மூன்று நாள் வராமல் இருந்தார். அதற்குப் பிறகு கேட்டதுதான் அவரை அடித்துப் போட்டது. ஒரு ஆண் குரல், தணிவாக, அவசரமில்லாமல், மண்பானைத் தண்ணீர் போல, "வர்றேன் பாவாயி, இதோ வந்துட்டேன்" என்றது. யார் அது என்று கோபம் வந்தது ரத்தினவேலுவுக்கு. தன் பெண்டாட்டியிடம் இத்தனை உரிமையாகப் பேசுகிறவன் யார் என்று காதை இன்னும் அழுத்தினார். அந்தக் குரல் ஒரு தரம் இருமியது. அந்த இருமலில்தான் தெரிந்தது, அது அவர் குரல். மைக் பிடிக்காத குரல். தனக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. ஓட்டிலிருந்து காதை எடுக்க முடியாமல், வெயில் இறங்கும் வரை அப்படியே நின்றார். அங்கே அவர் பாவாயியுடன் சாப்பிட்டார். கீரைக்கு உப்புக் குறைவு என்றார். அவள் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அன்று முதல் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய், யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊர் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. கல்யாண மண்டபத்து போர்டில் அந்தச் சொல் இருந்த இடத்தில் தாள் ஒட்டினார்கள். வாய் தவறிப் பாதி சொன்னவர்கள் மீதிப் பாதியைக் கையால் பொத்தினார்கள். பெரியதைப் பெரியது என்றார்கள்; நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்றார்கள்; அதற்கும் மேலே இருந்தால் சும்மா நின்று பார்த்தார்கள். முட்டை வளர்வது நின்றது. ஆனால் சுருங்கவும் இல்லை. தண்ணீர்த்தொட்டி உயரத்துக்கு, ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது.

தமயந்திக்கு அஞ்சலை சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, வாசலில் நின்ற அப்பாவைத் தாண்டி, நேரே முட்டையிடம் போனாள். சாயங்காலம் வரை அதில் ஒட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது ஒரு பக்கக் கன்னம் முழுக்கச் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தது. அதைத் துடைக்காமல், இரண்டு வருஷத்துக்குப் பிறகு, அவரிடம் பேசினாள்.

"அம்மா சிரிக்கறாங்க அப்பா."

"கேட்டேன் கண்ணு."

"நீங்களும் அங்க இருக்கறீங்க."

"ஆமா."

"அந்த அப்பா எனக்குப் பிடிச்சிருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வேலைக்குத் திரும்பவில்லை. தினமும் காலையில் போய்க் காதை வைத்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு ரத்தினவேலு போய்க் கூட்டி வந்தார். வழியில் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை பேசினார்கள். அவர் வாழ்க்கையில் அந்த இருபது நாள் போல வேறு நாள் இல்லை.

இருபத்தோராம் நாள் அர்த்தநாரிக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது, வந்து, முட்டைக்கு அந்தப் பக்கமே நின்றது. ஏரிக்கரை வழியாகச் சுற்றி வருவதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. ஏற்றும்போது அவருக்கு உயிர் இல்லை. அவர் மனைவி தலைவிரி கோலமாக ஓடி வந்து முட்டையை இரண்டு கையாலும் அடித்தாள். ஓடு சூடாக, மௌனமாக நின்றது. மறுநாள் அவள் அதில் காதை வைத்தபோது உள்ளே அர்த்தநாரி மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு அவள் போட்ட அலறலில், அதுவரை முட்டை இருக்கட்டும் என்று சொன்னவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தாசில்தார் வந்தார். வியாழக்கிழமை பத்து மணிக்கு உடைப்பது என்று முடிவானது. பாறை உடைக்கிற பொக்லைன் ஒன்றைக் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வரவழைத்தார்கள். முட்டையைச் சுற்றியிருக்கிற வீட்டுக்காரர்கள் ஒதுங்கிப் போக வேண்டும் என்று மைக்கில் சொல்ல வேண்டும்; சொல்வதற்கு ஊரில் ஒரே ஆள்தான் உண்டு.

"சொல்றேனுங்க," என்றார் ரத்தினவேலு.

தமயந்தி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"என்னன்னு சொல்றீங்க? சொல்லுங்கப்பா, என்னன்னு சொல்றீங்க? அம்மாவ உடைக்கப் போறாங்க, ஒதுங்கி நில்லுங்கன்னா?"

"அரை மணி நேரம் கண்ணு. அரை மணி நேரம் லேட்டாப் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அர்த்தநாரி சம்சாரம் முகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

"ஒரு தரம் கொன்னது போதாதா உங்களுக்கு?"

சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள். ரத்தினவேலு அதை எடுத்து அடுப்படியில் வைத்தார். இரண்டு பக்கமும் உண்மை இருந்தது. அவர் இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை காலை வெயில் முகத்தில் அடித்தது. ஊர் முழுக்க ரோட்டில் நின்றது. பொக்லைனின் பெரிய உளி முட்டையிலிருந்து ஐந்தடி தூரத்தில் காத்திருந்தது. அதை ஓட்டுகிற முனிராஜ் என்கிற நாற்பது வயது ஆள், பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே இருந்தான். அர்த்தநாரியின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தமயந்தி எதிர்ப்பக்கம் ஓட்டில் முதுகைச் சாய்த்து நின்றாள், இரண்டு போலீஸ்காரிகள் அவள் கையைப் பிடித்திருந்தார்கள். தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அன்றைக்கு நான்கு குழாய்கள் ஊரின் நான்கு திசையைப் பார்த்துக் கட்டியிருந்தன. ரத்தினவேலு மைக்கை எடுத்தார்.

"பெரியோர்களே," என்றார். அதற்கு மேல் வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தரமாக அவருக்குச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. உதடு அசைந்தது, குழாயில் மூச்சு மட்டும் கேட்டது. அவர் மகள் நின்ற பக்கம் பார்த்தார். முன்வரிசையில் இருந்தவளைப் பார்த்தார். பிறகு, ஒயரை இழுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து போய், மைக்கை முட்டையின் ஓட்டில் வைத்து, கன்னத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நான்கு குழாயிலும் பாவாயி கோழிகளை அதட்டினாள். அதற்குப் பின்னால் வேப்பமரம் அசைந்தது. செம்மலையின் தங்கை ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கினாள். தையல் மிஷின் ஓடியது, மிஷினை நிறுத்திவிட்டு அர்த்தநாரி யாரையோ கூப்பிட்டு, "அந்த நீல நூல்கண்டு எங்கடி வச்ச?" என்றார். "கண்ணு முன்னாலதான இருக்குது" என்று ஒரு பெண் குரல் சலித்துக்கொண்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், இங்கே, அதே நேரத்தில், அதே சலிப்பில் வாயசைத்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கையை உயர்த்தி, வேண்டாம் வேண்டாம் என்று பொக்லைனைப் பார்த்து ஆட்டினாள். இதுவரை ஓட்டில் காது வைத்தவர்களுக்கு அவரவருடையதுதான் கேட்டது; இப்போது எல்லாருக்கும் எல்லாருடையதும் கேட்டது. 'உஸ்' மட்டும் கேட்டவர்களுக்கும் கேட்டது. எல்லா வீட்டுச் செத்தவர்களும் ஒன்றாக, சாதாரணமாக, உப்பையும் நூலையும் பஸ்ஸையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முனிராஜ் இன்ஜினை அணைத்தான். இறங்கி, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல், "எங்கண்ணன் பேசுறான். நான் இந்த ஊரே இல்லீங்க. எங்கண்ணன் எப்படிங்க இங்க பேசுறான்?" என்றான்.

செம்மலைதான் முதலில் வாய் திறந்தார். "என்னோட நாலாவது ஷெட்டையும் அஞ்சாவது ஷெட்டையும் இடிச்சுக்கோங்க. ரோடு அந்தப் பக்கமாப் போகட்டும். இன்னிக்கே இடிங்க. ஒரு ஆம்புலன்ஸும் இனிமேச் சுத்தக் கூடாது." தாசில்தார் சரி என்று தலையை ஆட்டினார். போலீஸ்காரிகளின் கை தானாகவே விலகியது. தமயந்தி முட்டையைச் சுற்றி ஓடிவந்து, அப்பாவின் பக்கத்தில் நின்று, அவர் கை தளர்வதைப் பார்த்து, தானும் ஒரு கையால் மைக்கைத் தாங்கினாள்.

அப்போதுதான் அது கேட்டது.

மேலேயிருந்து. மேகமே இல்லாத, வெள்ளை வெயிலான வானத்திலிருந்து. 'டொக்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து நீளமாக, மெல்லிசாக ஒரு 'கொர்'. ஊர் முழுக்க அண்ணாந்தது. முட்டையின் பக்கம் கிடந்த நாய்கள் எழுந்து நின்றன. இடியா, விமானமா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. என்ன என்று தெரிந்தது ஒரே ஒருவருக்குத்தான். இருபத்தாறு வருஷம் அதைத் தினமும் கேட்டவர் அவர். கெட்டியான ஏதோ ஒன்றின் மேல் மைக்கை வைத்து அழுத்தினால் வருகிற சத்தம் அது.

ரத்தினவேலுவின் முகம் வெளுத்துப்போனது. கூட்டத்தில் ஜமீலா பானு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டதை அவர் பார்த்தார். பழைய ஆட்கள் நினைத்த அந்த முட்டை எது என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"அப்பா," தமயந்தியின் குரல் உடைந்திருந்தது. "நம்ம வானத்துக்கு அந்தப் பக்கம் யாரு?"

"நாமதான் கண்ணு."

"அப்ப அவங்க எதுக்கு நம்மளக் கேக்கறாங்க?"

அவளுக்கே மெதுவாக விளங்கியது. இல்லாமல் போனவர்களின் குரலைக் கேட்கத்தான் காதை வைப்பார்கள். அங்கே யாரோ அவர்களை இழந்திருக்கிறார்கள். அங்கே ஒரு ஊர் ரோட்டில் திரண்டு நிற்கிறது. அங்கே ஒரு பாவாயி இருக்கிறாள். அவளுக்கு ரத்தினவேலு இல்லை. தமயந்தியும் இல்லையோ என்னவோ. தமயந்தி சட்டென்று தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். வலித்தது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். துடித்தது. சுற்றிலும் ஒவ்வொருவராக அதையே செய்ய ஆரம்பித்தார்கள், அவரவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவரின் தோளைத் தொட்டுக்கொண்டு, கல்லாக நின்ற அத்தனை பேரும்.

'கொர்' நிற்கவில்லை. பொறுமையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"பேசுங்கப்பா," என்றாள் தமயந்தி.

"என்னத்தப் பேசுறது?"

"என்னத்தையாச்சும். இருக்கறோம்னு தெரியட்டும்."

அவர் மைக்கை அவள் கையில் விட்டுவிட்டு, நாலடி தள்ளிப் போய், வெறும் ரோட்டில் நின்று அண்ணாந்தார். குரல் எடுக்கவில்லை, சுழற்றவில்லை. பக்கத்து அறையில் இருப்பவளிடம் பேசுவது போலப் பேசினார்.

"பாவாயி, நான் நல்லா இருக்கறேன். புள்ள பக்கத்துல நிக்குது. நேத்துப் பூராச் சண்ட போட்டுச்சு, இன்னிக்குப் பேசுது." நிறுத்தி, இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "உனக்கு முழங்கால் வலிக்கும். எவ்வளவு நேரம் அப்பிடி நின்னுக்கிட்டே கேப்ப? போயி ஒரு முக்காலியக் கொண்டாந்து போட்டு உக்காரு. நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன்."